அக்கா குளிக்கப் போன ஊர்

அந்த அக்கா உட்கார்ந்திருக்கும் கோலம் எனக்கு ஞாபகத்தில் வருவதே இல்லை. கேட்டைத் திறப்பார், மூடுவார், காலில் செருப்பை மாட்டியபடியே யாரிடமாவது பேசிக்கொண்டிருப்பார். அவரை நினைத்தால் இவைதான் முதலில் கண்ணுக்குள் வருகின்றன. இப்போது அவர் ஜொகூரில் மகள் வீட்டில் இருக்கிறார். அங்கேயாவது உட்காருகிறாரா என்று தெரியவில்லை. போனில் பேசும்போது பின்னால் துடைப்பம் உரசும் சத்தம்தான் கேட்கிறது.

மலாக்காவில், பத்து பெரண்டாமில் எங்கள் தாமான் குடியிருப்பில் எனக்கும் அவருக்கும் நடுவே ஒரு சுவர்தான். இந்தப் பக்கம் என் சமையலறை, அந்தப் பக்கம் அவருடைய குளியலறை. நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த அன்று, சாமான் லாரி போய் முடிவதற்குள் அவர் வாளியும் துடைப்பமுமாக வந்து எங்கள் வாசல் போர்ச்சைக் கழுவ ஆரம்பித்துவிட்டார். யார், என்ன என்று எனக்குத் தெரியாது.

"உள்ள வந்து உக்காருங்கக்கா, தேத்தண்ணி கலக்குறேன்" என்றேன்.

"உக்காந்தா எந்திரிக்க மனசு வராதுலா. நீ ஒன் வேலையப் பாரு."

அன்றிலிருந்து பல ஆண்டுகள் அதே பதிலைத்தான் கேட்டேன். நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை என்று தெரிந்ததும் என்னை 'டீச்சர்' என்று கூப்பிடத் தொடங்கினார். மற்றபடி எங்களுக்குள் எந்தச் சடங்கும் இல்லை.

கல்யாணங்களுக்கு வருவார். முதல் பந்தியில் சாப்பிடுவார். மாப்பிள்ளையும் பெண்ணும் மேடைக்கு வந்து எல்லாரும் போட்டோவுக்கு நிற்கும்போது அவருடைய மோட்டர் சைக்கிள் பாதி வழி போயிருக்கும். எங்கள் உறவில் நடந்த ஒரு கல்யாணத்தின் ஆல்பத்தைக் காட்டி, "இதுல நீங்க எங்கக்கா இருக்கீங்க?" என்று கேட்டேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்தா, கேக்கு மேசைக்குப் பின்னால போறேன் பாரு, பச்சை சேல" என்று தன் முதுகைக் காட்டினார். அதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை.

கோயிலிலும் அப்படித்தான். தீபாராதனைக்கு மணி அடிக்கும்போது எல்லாரும் முன்னால் நகர்வார்கள், அக்கா பின்னால் நகர்ந்து செருப்பைத் தேடுவார். "சாமிக்கு நான் வந்தது தெரியும்லா" என்பார்.

எங்கள் வட்டாரத்தில் மின்னணுச் சாமான் செய்யும் கிலாங் ஒன்றில் அவர் வெகு காலம் வேலை பார்த்தார். நாள் முழுக்க நின்றுகொண்டு செய்யும் வேலை. கால் வீங்கி மற்றப் பெண்கள் புலம்புவார்கள். அக்காவின் கை வேகத்தைப் பார்த்து, குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து பூதக்கண்ணாடி வழியாகச் சில்லுகளைச் சோதிக்கும் பகுதிக்கு அவரை மாற்றினார்கள். எல்லாரும் ஆசைப்பட்ட இடம் அது. அக்கா கொஞ்ச நாள்கூடத் தாங்கவில்லை. சூப்பர்வைசரிடம் போய்ப் பழைய வேலையையே கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"நாற்காலில உக்காந்தா மூச்சு முட்டுது, டீச்சர். யாரோ தோளப் புடிச்சு அமுக்குற மாதிரி."

எதற்காக இப்படிப் பறக்கிறார் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், விடியுமுன் பெரட்டில் பேர் கொடுக்க ஓடிய வீட்டுப் பிள்ளை, அந்தப் பழக்கம் என்பார்கள் சிலர். புருஷன் விட்டுப் போனதிலிருந்துதான் இப்படி என்பார்கள் சிலர்.

புருஷன் விட்டுப் போனது உண்மைதான். சுங்கை ஊடாங்கில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து டேங்கர் லாரி ஓட்டியவர் அவர். முதலில் வேலைக்குப் பக்கம் என்று அங்கே ஓர் அறை எடுத்தார். பிறகு அந்த அறையில் ஒரு பெண் இருக்கிறாள் என்று செய்தி வந்தது. பிறகு அவர் வருவதே நின்றுபோனது. நான் குடிவந்த காலத்தில் அந்த வீட்டில் ஆண் செருப்பு ஒன்றுகூடக் கிடையாது. அக்கா அதைப் பற்றிப் பேசமாட்டார். யாராவது பேச்செடுத்தால் மோட்டர் சாவியைக் கையில் எடுத்துவிடுவார்.

ஒரு நாள் மத்தியானம் அவருடைய வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. இரண்டு ஆட்கள் சக்கர நாற்காலியோடு ஒரு மனிதரை இறக்கினார்கள். வாய் ஒரு பக்கம் கோணி, இடக்கை மடியில் செத்துக் கிடந்தது. பக்கத்தில் ஒரு துணிப்பை. அக்கா கிரில் கதவின் உள்ளே நின்று பார்த்தார். நான் என் வாசலில் நின்று அவரைப் பார்த்தேன். கத்துவார், அழுவார், வேனைத் திருப்பி அனுப்புவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சாவியைத் திருப்பிக் கிரிலை அகலமாகத் திறந்தார். சக்கரம் உள்ளே வர இடைஞ்சலாக இருந்த பூத்தொட்டியைக் காலால் தள்ளிவிட்டார். அவ்வளவுதான்.

மறுநாள் காலை முதல் என் சமையலறைச் சுவருக்கு அப்பால் அந்தச் சத்தங்கள் கேட்கத் தொடங்கின. சக்கரம் வாசற்படியில் இடிக்கும். வாளியில் தண்ணீர் விழும். பிறகு நைலான் வலையால் தோலைத் தேய்க்கும் சத்தம். அப்புறம் அந்த மனிதரின் குரல்.

"போதும்."

பக்கவாதம் அவருடைய பேச்சை எல்லாம் எடுத்துக்கொண்டு இரண்டு மூன்று சொற்களை மட்டும் விட்டுவைத்திருந்தது. அதில் இது ஒன்று. சில காலைகளில் ஒரு முறை, சாதாரணமாகச் சொல்வார். சில காலைகளில் அந்தச் சொல் அடுத்தடுத்து வரும், ஏறிக்கொண்டே போகும். "இருங்க, இன்னும் முடியல" என்று அக்காவின் குரல் கேட்கும். தேய்க்கும் சத்தம் நிற்காது. என் கணவர் பசியாறிக்கொண்டிருக்கும்போது கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார். நானும் அவரைப் பார்ப்பேன்.

கொஞ்ச நேரத்தில் அந்த மனிதர் போர்ச்சுக்கு வந்துவிடுவார். முகத்தில் பவுடர், படிய வாரிய தலை, நெற்றியில் திருநீறு, மடிப்புக் கலையாத சட்டை. அவர் தோல் பளபளக்கும். ஒரு புண் கிடையாது, ஒரு வாடை கிடையாது. அப்படி முடங்கிப்போனவரை இவ்வளவு சுத்தமாக வைத்திருக்கும் வீட்டை நான் பார்த்ததில்லை. தாமானில் எல்லாரும் அக்காவைத் தெய்வம் என்றார்கள். ஓடிப்போனவனை மன்னித்து ஏற்றுக்கொண்டவள் என்றார்கள். அந்தச் சொல் காதில் விழுந்தால் அக்கா அந்த இடத்தில் நிற்கமாட்டார்.

"தெய்வமாவது ஒண்ணாவது. அடுப்புல கொழம்பு கெடக்கு" என்று உள்ளே போய்விடுவார். அடுப்பில் குழம்பு இருக்காது. சுவர் ஒட்டிய வீட்டுக்காரி நான், எனக்கு வாசனை தெரியாதா?

அந்த மனிதர் ஒரு மத்தியானம் தூக்கத்திலேயே போய்விட்டார். கருமாதி முடிந்ததும் எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: "இனிமேயாவது கொஞ்சம் உக்காருங்க." அதற்குப் பிறகுதான் அக்காவைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. காலையில் அதே நேரத்துக்குச் சுவருக்கு அப்பால் தண்ணீர் விழும். எட்டிப் பார்த்தால் காலிச் சக்கர நாற்காலியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருப்பார். வெயிலில் காயவைத்து உள்ளே தள்ளுவார். மறுநாளும் கழுவுவார். ஒரு முதியோர் இல்லத்துக்கு அதைக் கொடுத்தனுப்பிய பிறகு, வீட்டுச் சுவர்களுக்குச் சாயம் அடித்தார். அது முடிந்ததும் அலமாரிகளை இடம் மாற்றினார். அதுவும் முடிந்ததும் எங்கள் வீட்டுச் செருப்புகளையெல்லாம் எடுத்துப் போய்க் கழுவி வரிசையாக வைத்தார்.

மகள் ஜொகூரிலிருந்து போன் செய்து, "எங்கயாச்சும் டூர் போய்ட்டு வாங்கம்மா" என்று வற்புறுத்தினாள். அக்கா என்னையும் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு மோட்டரில் தெங்கேராவுக்குக் கிளம்பினார். அங்கே ஒரு பழைய கடைவீட்டில், மக்காவுக்கு உம்ரா பயணங்கள் ஏற்பாடு செய்யும் தமிழ் முஸ்லிம் ஒருவர் சிறிய அலுவலகம் வைத்திருந்தார். அக்கா அவர் காட்டிய நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே கேட்டார்.

"பாய், உங்ககிட்ட இருக்கறதுலயே ரொம்பத் தூரம் எது?"

அவர் யோசிக்கவே இல்லை. "மொரோக்கோதாங்கக்கா. பள்ளிக்கூட லீவுல ஒரு குரூப்பு போவுது."

"அங்க என்ன இருக்கு?"

"ஒட்டகம் இருக்கு. அப்புறம் அவங்க முறையில ஒரு குளியல் இருக்கு, ஹம்மாம்னு சொல்வாங்க. ரெண்டையும் ஒரே நாள்ல சேத்துப் போட்டிருக்கோம். காலைல ஒட்டகச் சவாரி. ஒடம்பெல்லாம் புழுதி ஒட்டும்ல? அங்கேருந்து நேரா குளியலுக்குக் கூட்டிட்டுப் போயிருவாங்க."

"அழுக்காக்கி விட்டுட்டு அவங்களே கழுவியும் விடுறாங்களா? நல்ல யாவாரம்லா பாய்!"

பாய் சிரித்துவிட்டார். அக்கா என் பக்கம் திரும்பாமலே, "டீச்சர் பேரையும் எழுதுங்க" என்றார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டில் சொன்னபோது என் கணவர், "போய்ட்டு வா. அவங்கள யாராவது ஒருத்தர் புடிச்சு வச்சுக்கணும்ல" என்றார்.

விமானத்தில் அவர் பட்ட பாடு தனிக் கதை. பணிப்பெண்களோடு நின்று தட்டுகளை அடுக்கப் போய், அவர்கள் கும்பிட்டுக் கேட்டுக்கொண்ட பிறகுதான் இருக்கைக்குத் திரும்பினார். மராக்கேஷில் கடைத்தெருவில் எங்கள் குழுவுக்கு முன்னால் அவர் முதுகு மட்டும் போய்க்கொண்டிருந்தது. வழிகாட்டியே அவரைப் பின்தொடர வேண்டியிருந்தது.

ஒட்டகங்கள் ஊருக்கு வெளியே ஒரு பேரீச்சந்தோப்பில் மண்டியிட்டுக் காத்திருந்தன. எங்களுக்கு நீல அங்கி மாட்டித் தலையில் துணி சுற்றிவிட்டார்கள். அக்கா ஓடிப்போய் முதல் ஒட்டகத்தில் ஏறிக்கொண்டார். அவருக்குப் பின்னால் கட்டியிருந்த ஒட்டகத்தில் நான். ஒட்டகம் எழும்போது பின்கால்களைத்தான் முதலில் தூக்கும். யாரும் அதைச் சொல்லவில்லை. அக்கா முன்பக்கம் கவிழ்ந்து, "அம்மாடி!" என்று கத்தி, கழுத்தோரம் இருந்த இரும்புப் பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார்.

ஒட்டகக்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். அவருக்கு எந்த அவசரமும் இல்லை. ஒட்டகத்துக்கும் இல்லை. ஒவ்வொரு காலையும் யோசித்து யோசித்து வைத்தது.

"பாங், செப்பாட் சிக்கிட்லா!" என்று, சீக்கிரம் போகச் சொல்லி அக்கா மலாயில் அவரை விரட்டினார். ஒட்டகக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். வேகம் மாறவில்லை. அக்கா என்னைப் பார்த்துத் திரும்பினார்.

"பனமரம் பாக்கவா இம்புட்டு தூரம் வந்தோம்? நம்ம ஜாசின் பக்கம் போயிருந்தா செம்பனையே கெடக்கு!"

கொஞ்ச தூரம் போனதும் இறங்க வேண்டும் என்றார். நடந்தே வருகிறேன் என்று கையால் காட்டினார். ஒட்டகக்காரரும் கையாலேயே பதில் சொன்னார்: எல்லாம் ஒரே கயிறு, இது மண்டியிட்டால்தான் இறங்க முடியும், மண்டியிடும் இடம் அதோ அங்கே. பிறகு முன்னால் திரும்பி நடந்தார்.

எனக்கு அக்காவின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. இரும்புப் பிடியின் மேல் அவர் விரல்கள் திறந்து மூடித் திறந்து மூடி இருந்தன. செருப்புப் போட்ட கால்கள் அந்தரத்தில் தரையைத் தேடின. காற்றில் புழுதி எழுந்து எங்கள் மேல் படிந்தது. வெகுநேரம் கழித்து, திரும்பாமலேயே பேசினார்.

"தூக்கி வச்சிட்டா நாம நெனச்ச நேரத்துக்கு இறங்க முடியாதுலா, டீச்சர்."

"என்னக்கா?"

"இல்ல, அவர நெனச்சேன். நாற்காலில தூக்கி வச்சிட்டு நான் பாட்டுக்குப் போயிருவேன். பாசாருக்குப் போவேன், கோயிலுக்குப் போவேன், வந்து பாத்தா வச்ச எடத்துல வச்ச மாதிரி இருப்பாரு. அப்பல்லாம் ஒண்ணும் தோணல."

ஒட்டகம் மண்டியிட்டபோது அவரால் காலைத் தூக்கிப் போட முடியவில்லை. ஒட்டகக்காரர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி இறக்கினார். அக்கா அவர் தோளை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் இன்னொருவரைப் பிடித்துக்கொண்டு நின்று நான் பார்த்தது அதுவே முதல் முறை.

அங்கிருந்து எங்களை நேரே ஹம்மாமுக்குக் கூட்டிப் போனார்கள். நகரத்தின் பழைய பகுதியில், தாழ்ந்த வாசல் உள்ள ஒரு கட்டடம். வெளியே பார்த்தால் ஒன்றுமில்லை, உள்ளே போகப் போகச் சூடு. நீராவியில் எதிரில் இருப்பவர் முகம் தெரியாது. கல் தரை, கல் மேடை, கூரையில் சிறு சிறு ஓட்டைகள் வழியாக வெளிச்சம் தூண் தூணாக இறங்கியது. அக்கா மலாக்காவிலிருந்து ஒரு பாத்திக் கைலி கொண்டுவந்திருந்தார். தோட்டத்துப் பெண்கள் பொதுக் குழாயடியில் குளிப்பதுபோல் அதை மார்போடு கட்டிக்கொண்டு நின்றார்.

குளிப்பாட்டும் பெண்மணிக்கு அக்காவின் வயதுதான் இருக்கும். தடித்த கைகள், ஈரத்தில் ஊறிய விரல்கள். கறுப்பாக, பசை போல இருந்த எதையோ கிண்ணத்தில் எடுத்து, "சாபூன்" என்றார்.

அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "சாபுன்! டீச்சர், கேட்டியா? இவங்களும் சாபுன்னுதான் சொல்றாங்க!" மலாய்ச் சொல்லை இங்கே கேட்டதில், சொந்தக்காரரைக் கண்டுபிடித்த மாதிரி அவருக்கு ஒரு குதூகலம். அந்தப் பெண்ணும் புரியாமல் சேர்ந்து சிரித்தார். பிறகு மேடையைத் தட்டிப் படுக்கச் சொன்னார்.

படுப்பதா? அக்கா மேடையின் ஓரத்தில் அரையும் குறையுமாக உட்கார்ந்தார். சோப்பு பூசுமுன் எழுந்தார். தானே பூசிக்கொள்கிறேன் என்று கிண்ணத்தை வாங்கப் பார்த்தார். அந்தப் பெண் தோளில் கைவைத்து அழுத்திப் படுக்க வைத்தார். கைலியை இடுப்புவரை இறக்கினார். சோப்பு ஊறும்வரை அப்படியே கிடக்கச் சொல்லிவிட்டு என் பக்கம் வந்தார். அக்காவின் கால் விரல்கள் மட்டும் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தன.

பிறகு ஒரு முரட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டு அந்தப் பெண் அக்காவைத் தேய்க்கத் தொடங்கினார். தோலிலிருந்து சாம்பல் நிறத்தில் அழுக்கு உருண்டை உருண்டையாகத் திரண்டு வந்தது. ஒரு உருண்டையை எடுத்து அக்காவின் கண் முன்னே காட்டினார்.

"நான் தெனம் ரெண்டு வேள குளிக்கிறவ! அது அழுக்கில்ல, தோலுலா!" என்று அக்கா சண்டைக்குப் போனார். கையுறையைப் பிடுங்கித் தானே தேய்த்துக்கொள்ளக் கையை நீட்டினார். அந்தப் பெண், பிள்ளையை அடிப்பதுபோல அந்தக் கையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டி, இறக்கி வைத்தார்.

அதற்குப் பிறகு அக்கா எழப் பார்க்கவில்லை.

பெண்மணி அக்காவின் வலக்கையைத் தூக்கித் தன் தோளில் வைத்துக்கொண்டு அக்குளைத் தேய்த்தார். பிறகு ஒரு கையை இடுப்பிலும் ஒரு கையை முழங்காலிலும் வைத்து ஒரே அசைவில் அவரைப் பக்கவாட்டில் புரட்டினார்.

"அப்படித்தான் பொரட்டணும்" என்று அக்கா மெல்லச் சொன்னார். "இடுப்பப் புடிச்சாத்தான் பாரம் தெரியாது."

முதுகில் கையுறை ஏறி இறங்கியது. சத்தம் கல் சுவர்களில் மோதித் திரும்பியது. நான் என் சமையலறையில் நிற்பது போலிருந்தது.

"போதும்" என்றார் அக்கா.

அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாதே. தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"போதும்மா… போதும்."

எழுந்துபோய், நிறுத்தச் சொல்லி அந்தப் பெண்ணின் முன்னால் கையைக் காட்டினேன். அவர் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். அக்கா முகத்தைக் கல்லில் வைத்தபடி, "விடு, டீச்சர். தேய்க்கட்டும்" என்றார்.

நான் விலகினேன். அந்தப் பெண் மறுபடி தேய்த்தார். அக்கா அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. கடைசியில் அந்தப் பெண் சுடுதண்ணீரை மொண்டு மொண்டு அவர் தலையில் ஊற்றி, முகத்தைத் தன் உள்ளங்கையால் வழித்துவிட்டார். அக்காவின் கண்கள் சிவந்திருந்தன. சோப்பாகவும் இருக்கலாம்.

வெளியே ஓர் அறையில் துண்டு சுற்றிச் சாய்ந்த நாற்காலிகளில் எங்களை விட்டு, புதினாத் தேநீர் கொடுத்தார்கள். அக்கா கண்ணாடிக் குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். குடிக்கவில்லை.

"அவருக்கு வலிச்சிருக்கும்" என்றார்.

நான் ஏதோ ஆறுதல் சொல்ல வந்தேன். அவர் தலையை ஆட்டித் தடுத்தார்.

"எனக்குத் தெரியும், டீச்சர். தெரியாம ஒண்ணும் இல்ல. எல்லா நாளும் இல்ல. சில நாளு. தூங்கி எந்திரிக்கும்போதே நெஞ்சு எரியும். இம்புட்டு வருஷம் எங்க கெடந்த, இப்ப நான் கழுவுறதுக்கு வந்தியான்னு தோணும். அன்னிக்கெல்லாம் அழுத்தித் தேய்ப்பேன். போதும் போதும்பாரு. எனக்குப் போதாது. ஊரே தெய்வம்னு சொல்லுது, நான் என்ன சொல்ல?"

"ஒரு புண்ணு இல்லாமப் பாத்துக்கிட்டீங்களேக்கா."

"அதுவும் நான்தான். இதுவும் நான்தான்."

தேநீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்துகொண்டார். அந்தப் பயணத்தின் மிச்ச நாட்களில் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. மறுபடி எல்லாருக்கும் முன்னால் நடந்தார்.

ஊர் திரும்பிச் சில வாரங்கள் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை என் கேட்டைத் தட்டினார். நல்ல சேலை கட்டியிருந்தார்.

"சுங்கை ஊடாங்குக்கு ஒரு எட்டு போகணும். நீ கார் எடு. தனியாப் போனா வாசல்லேர்ந்தே திரும்பிருவேன்."

யாரைப் பார்க்க என்று கேட்கவேண்டியிருக்கவில்லை. வழி அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. இத்தனை ஆண்டுகளில் எத்தனை முறை அந்தப் பக்கம் வந்து திரும்பினாரோ தெரியாது. ஒரு அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், பள்ளிக்கூடக் கேண்டீனில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் வீடு. நான் மனதில் வேறு மாதிரி ஒருத்தியை வைத்திருந்தேன். கதவைத் திறந்தவள் மெலிந்து, தலை பாதி நரைத்து, கையில் கழுவிய மீனின் ஈரத்தோடு நின்றாள். அக்காவைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

"உள்ள வாங்கக்கா."

அக்கா உள்ளே போனார். ஆனால் உட்காரவில்லை. அவள் துடைத்துப் போட்ட நாற்காலியின் பின்னால் நின்றுகொண்டு, மூச்சு விடாமல் சொன்னார்.

"அவரு போய்ட்டாரு, ஒனக்குத் தெரிஞ்சிருக்கும். கடைசி வரைக்கும் நான்தான் குளிப்பாட்டுனேன். சில நாளு கோவத்துல வலிக்கத் தேச்சேன். அவருகிட்ட அத சொல்லாம விட்டுட்டேன். ஒங்கிட்ட சொல்லணும்னு தோணுச்சு. நீ ஒரு காலத்துல அவரோட இருந்தவ. திட்டுறதா இருந்தா திட்டு."

அந்தப் பெண் திட்டவில்லை. சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"சீக்கு வந்ததும் எங்கிட்ட தள்ளிவிட்டல்ல, அந்தக் கோவம்" என்றார் அக்கா.

"நான் தள்ளலக்கா." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நான் பாத்துக்கறேன்னுதான் சொன்னேன். நான் தண்ணி ஊத்தப் போனா கையத் தட்டி விட்ருவாரு. சோறு ஊட்டுனா துப்பிருவாரு. வீடு, வீடும்பாரு. இதான்ங்க வீடுன்னு சொன்னா அழுவாரு. எனக்குப் புரியல. அப்புறம் ஒரு நாளு உங்க பேரச் சொன்னாரு. தெளிவாச் சொன்னாரு. வேற ஒரு வார்த்தையும் ஒழுங்கா வரல, அது மட்டும் வந்துச்சு."

அக்கா நாற்காலியின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"வேனு புடிச்சு அனுப்புனது நான்தான். கூட வர எனக்குத் தைரியம் இல்லக்கா. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றது?"

அக்கா குடிக்கத் தண்ணீர் கேட்டார். அவள் கொண்டுவந்த குவளையை நின்றபடியே முழுக்கக் குடித்தார். குவளையைத் திருப்பிக் கொடுக்கும்போது அவள் கையை ஒரு தரம் பிடித்தார், விட்டார். "மீனு கெட்டுறப் போவுது, போய்ப் பாரு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார்.

காரில் அவர் முன்னால் பார்த்தபடி வந்தார். தஞ்சோங் கிளிங் பக்கம் சாலையோரம் கடல் தெரிந்ததும், "நிறுத்து" என்றார். நிறுத்தினேன். இறங்கி, செருப்போடு மணலில் வேகமாக நடந்தார். தூரத்தில் எண்ணெய்க் கப்பல்கள் நின்றன. அவர் தண்ணீர் ஓரமாக ஒரு பக்கம் போனார், திரும்பினார், மறுபக்கம் போனார். பிறகு காருக்கு வந்து என் பக்கத்துக் கண்ணாடியில் குனிந்தார். சேலைக் கரை நனைந்திருந்தது.

"அவருக்கு என்னயத் தெரியும், டீச்சர். என் கோவமும் தெரியும். நான் கழுவுனா எப்படிக் கழுவுவேன்னு தெரிஞ்சே வந்திருக்காரு."

"ஆமாக்கா."

"நல்லா இருந்தப்ப அவ. விழுந்தப்ப நான். என்னா கொழுப்புப் பாரு!" அவர் உதடு துடித்தது. "இது முன்னமே தெரிஞ்சிருந்தா இன்னும் ரெண்டு தேய்ப்பு நல்லாத் தேச்சிருப்பேன்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்கும் அடக்கமுடியவில்லை. "சிரிக்காதலா" என்று என் தோளில் ஒரு அடி வைத்தார். அவர் சிரிப்பு நிற்கவில்லை, பெரிதாகிக்கொண்டே போனது, எந்த இடத்தில் அது அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. கார் கூரையின் மேல் இரண்டு கைகளையும் ஊன்றி, தலையைக் கவிழ்த்துக்கொண்டு, அவர் அழுதார்.

நான் இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி, அவர் பக்கத்தில் போய் நின்றேன்.